அயலார் அண்டை வீட்டாரான வரலாறு

தமிழில் 'அயல்' என்னும் சொல்லுக்கு இருவேறு பொருள்கள் உண்டு. அயல்வீடு என்றால் பக்கத்து வீடு. அயல்நாடு என்றால் கடல் கடந்த பிற நாடு. மிக அருகில் இருப்பதையும் மிகத் தொலைவில் இருப்பதையும் நம் முன்னோர் ஒரே சொல்லால் குறித்தனர். இரண்டுக்கும் பொதுவானது 'நம்முடையது அன்று' என்னும் எண்ணமே. நம் வீட்டுச் சுவருக்கு அப்பால் தொடங்குவதெல்லாம் அயல்தான். அந்த அயல், அண்டையாக மாறுவது பழக்கத்தால் நிகழ்வது. ஊர் விட்டு ஊரும் நாடு விட்டு நாடும் பெயர்ந்தவர்கள் இந்த மாற்றத்திற்காகச் சில வேளைகளில் இரண்டு மூன்று தலைமுறைகள் காத்திருக்க நேர்ந்தது.

தமிழகத்தில் இம்மாற்றம் மிகக் குறுகிய காலத்தில், ஏறத்தாழப் பத்தே ஆண்டுகளில் நிகழ்ந்த இடம் ஒன்று உண்டெனில் அது நெய்வேலி. அதே நெய்வேலியில், அதே ஆண்டுகளில், பல தலைமுறைகளாக அண்டையாராக வாழ்ந்தவர்கள் ஒருவர்க்கொருவர் அயலாராகப் பிரிந்தும் போயினர். ஒன்றைச் சொல்லி மற்றொன்றைச் சொல்லாமல் விட்டால் நெய்வேலியின் வரலாறு முழுமை பெறாது.

பழைய மரபு

பல நாட்டார் ஓரிடத்தில் கூடி வாழ்வது தமிழர்க்குப் புதிதன்று. பல மொழி பேசும் மக்கள் காவிரிப்பூம்பட்டினத்தில் கலந்து வாழ்ந்த செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. அந்நகரின் கடற்கரைப் பகுதியில் யவனர் இருக்கைகள் இருந்ததைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. ஆயினும் அவை துறைமுக நகரங்கள். வணிகம் கருதி வந்தோர் வணிகம் முடிந்ததும் திரும்பும் வாய்ப்புடையோர். உள்நாட்டுச் சிற்றூர்களின் நிலை வேறு. அங்கே யாருக்குப் பக்கத்தில் யார் வாழ்வது என்பதைப் பிறப்பே தீர்மானித்தது. தெருவின் பெயரே சாதியின் பெயராக இருந்தது. ஊர் ஒருபுறம், சேரி ஒருபுறம் என்ற பிரிவு நிலைத்திருந்தது. அங்கு அண்டை வீட்டாரை 'அறிந்துகொள்ளும்' தேவையே எழவில்லை. பாட்டன் காலத்திலிருந்தே அறிந்தவர்தாம் அண்டை வீட்டில் இருந்தனர்.

நெய்வேலியைச் சூழ்ந்திருந்த தென்னார்க்காட்டுச் சிற்றூர்களும் இத்தகையனவே. செம்மண் மேடு, முந்திரித் தோப்பு, பலா மரம், நிலக்கடலை விளையும் புன்செய், ஏரிப்பாசனத்தில் சிறிது நெல் என்பதே அப்பகுதியின் தோற்றம். மேற்கே விருத்தாசலம், கிழக்கே குறிஞ்சிப்பாடி. இடையே வடலூர். 1867ஆம் ஆண்டு பார்வதிபுரத்து மக்கள் எண்பது காணி நிலத்தை மனமுவந்து அளிக்க, இராமலிங்க அடிகளார் அங்கே சத்திய தருமச்சாலையை நிறுவினார். பசித்து வந்தவர் எந்த ஊரார், எந்தக் குலத்தார் என்று கேளாமல் சோறிடுவது அச்சாலையின் நெறி. அறியாதார்க்காகத் தம் நிலத்தைக் கொடுத்த ஊரொன்று நெய்வேலிக்கு மிக அருகிலேயே இருந்தது என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

கிணற்றில் கிடைத்த கரி

1934ஆம் ஆண்டளவில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கரிய பொருள் ஒன்றும் வெளிப்பட்டது. அது எரியும் தன்மையுடையது என அறிந்த அவர் அரசின் கவனத்திற்குக் கொண்டு சென்றார். பின்னர் அவரே 600 ஏக்கருக்கும் மேற்பட்ட தம் நிலத்தைத் திட்டத்திற்கு வழங்கினார். 1943 முதல் 1946 வரை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை துளையிட்டு ஆராய்ந்தது. பழுப்பு நிலக்கரிப் படிவம் பெருமளவில் இருப்பது உறுதியாயிற்று.

ஆனால் அதை எடுப்பது எளிதாக இல்லை. கரிப் படிவத்தின் மேல் ஐம்பது மீட்டருக்கும் அதிகமான மண் கிடந்தது. கீழே மிகுந்த அழுத்தத்துடன் ஊற்று நீர் நின்றது. மேல் மண்ணை அகற்றினால் கீழுள்ள நீர் பீறிட்டுச் சுரங்கத்தை மூழ்கடித்துவிடும். எனவே முதலில் ஆழ்குழாய்களால் இரவும் பகலும் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்த பின்னரே கரியைத் தொட முடியும். விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய வேலையில் பட்டறிவு உடையோர் எவரும் இலர். சென்னை மாகாணத்திலோ வேறு நிலக்கரி இல்லை. தொழில் வளர மின்சாரம் வேண்டும். மின்சாரத்திற்குக் கரி வேண்டும். காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு மண் அகழும் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் முதன்முதலாகக் கரிப் படிவம் கண்ணுக்குத் தெரிந்தது. 1962இல் அனல் மின் நிலையத்தின் முதல் அலகு இயங்கத் தொடங்கியது.

இரு உலகங்கள் ஒரு சுரங்கத்தில்

சுரங்கத்தில் மண்ணை வெட்டிய பெரும் இயந்திரங்கள், சக்கரத்தில் வரிசையாக வாளிகள் பொருத்தப்பட்டவை, மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் சோவியத்து நாட்டின் உதவியுடன் எழுந்தது. 1957 நவம்பரில் இந்தியாவுக்குச் சோவியத்து அரசு அளிக்க இசைந்த 50 கோடி ரூபிள் கடனில் நெய்வேலி மின் நிலையமும் ஒரு பங்கு பெற்றது. இரு நாட்டு வல்லுநர்களும் நெய்வேலிக்கு வந்து தங்கிப் பணியாற்றினர்.

இதன் சிறப்பை உணர அக்கால உலக நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். நெய்வேலியில் கரி வெளிப்பட்ட அதே 1961 ஆகஸ்டு மாதத்தில், 13ஆம் நாள், பெர்லின் நகரை இரண்டாகப் பிளக்கும் சுவர் எழத் தொடங்கியது. ஐரோப்பாவில் ஒரே நகரத்து அண்டை வீட்டார் முள்வேலியால் பிரிக்கப்பட்ட நாள்களில், தென்னார்க்காட்டுச் செம்மண்ணில் மேற்கு ஜெர்மனியின் இயந்திரம் வெட்டிய கரியைச் சோவியத்து நாட்டின் கொதிகலனில் இடுவதற்கான பணி நடந்துகொண்டிருந்தது. தம் நாட்டில் எதிரெதிர் முகாம்களில் நின்றவர்கள் இங்கே ஒரே வேலையின் இரு முனைகளில் நின்றனர்.

அவர்களோடு பணியாற்றிய தமிழ்த் தொழிலாளர் பலர், அதற்கு முன் ஐரோப்பியர் என்றால் ஆங்கிலேயரை மட்டுமே அறிந்தவர்கள். அவரையும் அதிகாரியாகவே அறிந்தவர்கள். ரஷ்யரும் ஜெர்மானியரும் ஆட்சியாளராக வரவில்லை. தொழில் கற்பிக்க வந்தனர். ஆங்கிலம் இரு சாரார்க்கும் பிறமொழியே. அதனால் மொழியில் மேடு பள்ளம் இல்லை. வந்தவரும் தடுமாறினார், இருந்தவரும் தடுமாறினார். நெய்வேலிப் பொறியாளர் சிலர் பயிற்சிக்காக அந்நாடுகளுக்குச் சென்றபோது நிலைமை மாறி அமைந்தது. விருந்தாளியாக அங்கே நின்றவர்கள் இவர்கள்.

இதே காலத்தில் சோவியத்து நாட்டில் தமிழ் கற்போர் தொகை பெருகியது குறிப்பிடத்தக்கது. லெனின்கிராடில் தமிழ் பயிற்றுவித்த செம்யோன் ரூதின் 'செம்பியன்' என்று தமக்குத் தமிழ்ப் பெயரிட்டுக்கொண்டார். ஆந்திரோனவ் தமிழிலக்கணம் குறித்து எழுதினார். தமிழகத்திலிருந்து மாஸ்கோ சென்று தங்கிய மொழிபெயர்ப்பாளர்கள் ரஷ்ய இலக்கியத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தனர். குறைந்த விலையில் தமிழகமெங்கும் பரவிய அந்நூல்களை ஒரு தலைமுறையே படித்து வளர்ந்தது. அயல்நாட்டானை அண்டையனாக்குவதில் இயந்திரத்தைவிட நூலுக்குப் பங்கு குறைவன்று.

காலம் உருண்டது. 1990இல் மேற்கு ஜெர்மனி என்ற தனிநாடு இல்லாதொழிந்தது. 1991இல் சோவியத்து ஒன்றியம் கலைந்தது. அந்த அரசுகள் மறைந்த பின்னும் 600 மெகாவாட் திறனுள்ள முதல் மின் நிலையம் 2020 வரை உழைத்து ஓய்ந்தது.

வட்டங்களின் வாழ்வு

அயல்நாட்டார் வந்து சென்றவர்கள். வந்து தங்கியவர்கள் வேறு. தஞ்சை, இராமநாதபுரம், நெல்லை, கோவை, கேரளம், ஆந்திரம், வடநாடு எனப் பல திசைகளிலிருந்தும் வேலை பெற்று வந்த குடும்பங்களே நெய்வேலி நகரியத்தை உருவாக்கின. நேர்க்கோடுகளாகச் சாலைகள், வரிசையாக மரங்கள், எண்ணிட்ட வீடுகள். மற்ற ஊர்களில் தெரு, அக்கிரகாரம், குப்பம் என்று வழங்குவதற்கு மாறாக இங்கே 'வட்டம்' என்ற பெயர் நிலைத்தது. 'எந்த ஊர்?' என்பதற்கு அடுத்தபடியாக 'எந்த வட்டம்?' என்று கேட்பது நெய்வேலி வழக்கு.

இந்த எண்களுக்குள் ஒரு பெரிய சமூக மாற்றம் அடங்கியிருந்தது. வீட்டைத் தேர்ந்தெடுப்பவர் குடியேறுபவர் அல்லர். நிறுவனம் ஒதுக்கித் தந்தது. ஒதுக்கீட்டிற்கு அடிப்படை பதவியும் பணிக்காலமும், சாதி அன்று. இதனால் சொந்த ஊரில் ஒரே தெருவில் வாழ்ந்திருக்க முடியாத இரு குடும்பங்கள் இங்கே ஒரே சுவரின் இருபுறமும் வாழ நேர்ந்தது. பல்வேறு சாதியினரை அருகருகே குடியமர்த்தும் நோக்குடன் தமிழக அரசு பெரியார் நினைவு சமத்துவபுரங்களை 1997இல் திட்டமிட்டது. ஒரு கொள்கையாக அரசு அறிவித்துச் செய்த அதனை, நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே நெய்வேலியில் வீட்டு ஒதுக்கீட்டுப் பட்டியல் ஆரவாரமின்றிச் செய்துவிட்டது.

ஆயினும் அருகில் வீடு கிடைத்த மாத்திரத்தில் உறவு கிடைத்துவிடாது. உறவை வளர்த்தது தேவை. சுரங்கமும் மின் நிலையமும் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குவன. மூன்று முறைப்பணிகளாக வேலை நடக்கும். கணவன் இரவுப் பணிக்குச் சென்ற வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், தாய் தட்டும் கதவு பக்கத்து வீட்டுக் கதவுதான். மாமியாரும் நாத்தனாரும் நூறு கல் தொலைவில் இருந்தனர். பிள்ளைப்பேற்றுக்குத் துணை நின்றவள் நேற்று வரை பெயரறியாத மலையாளத்துப் பெண். அவளை 'அக்கா' என்றே அழைத்தாள் தஞ்சைப் பெண். அவள் பிள்ளைகளுக்கு இவள் 'சித்தி' ஆனாள். இரவுப் பணி முடிந்து பகலில் உறங்குபவர் வீட்டருகே பிள்ளைகள் கூச்சலிடக் கூடாது என்பது எழுதப்படாத சட்டமாயிற்று. பெரியவர்கள் அற்ற ஊர் ஆதலால், சடங்கு நாள் குறிப்பது முதல் சண்டை தீர்ப்பது வரை இளங்குடும்பங்கள் தாமே கூடிப் பேசி வழிகண்டன.

பள்ளிக்கூடம் இந்தப் பழக்கத்தை உறுதி செய்தது. தெலுங்கும் மலையாளமும் வீட்டில் பேசும் பிள்ளைகள் விளையாட்டிடத்தில் தமிழ் பேசினர். பொங்கலும் ஓணமும் கிறிஸ்துமசும் ரமலானும் பாத்திரத்தில் பண்டமாகச் சுவர் தாண்டின. வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்ற வழக்கம் எல்லா மொழியினர்க்கும் பொதுவாக இருந்தது உறவுக்குப் பேருதவி புரிந்தது. தொழிற்சங்கமும், நாடக மன்றமும், தமிழ் மன்றங்களும் ஆடவரை ஒருங்கே கூட்டின. 1998இல் தொடங்கிய நெய்வேலிப் புத்தகக் கண்காட்சி தமிழகம் அறிந்த விழாவாயிற்று. கருநாடக இசைக் கலைஞர்கள் தம் பெயருக்கு முன் ஊர்ப்பெயரைச் சேர்த்து வழங்குவது பழைய மரபு. காவிரிக்கரையின் தொன்மையான ஊர்களோடு, 1956க்குப் பின் எழுந்த இந்நகரியமும் நெய்வேலி சந்தானகோபாலன் பெயரால் அவ்வரிசையில் இடம்பெற்றது. நகரியம் ஊராகிவிட்டது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நிலையாத அண்டை

இப்பெருமையோடு இரண்டு குறைகளையும் கூறுதல் வேண்டும். சாதித் தெரு மறைந்த இடத்தில் பதவித் தெரு தோன்றியது. அதிகாரியின் மாளிகை ஒரு வட்டத்தில், தொழிலாளியின் சிறுவீடு ஒரு வட்டத்தில். சுரங்கத்தில் ஒன்றாக நின்றவர்கள் மாலையில் வெவ்வேறு உலகங்களுக்குத் திரும்பினர். ஒப்பந்தத் தொழிலாளர் பலர் நகரியத்திற்கு வெளியே, கிடைத்த இடத்தில் குடிசையிட்டனர்.

மற்றொன்று, இங்கே எந்த வீடும் எவர்க்கும் சொந்தமன்று. பணி ஓய்வு பெற்றவர் வீட்டைத் திருப்பித் தந்தாக வேண்டும். முப்பது ஆண்டுகள் தண்ணீர் ஊற்றி வளர்த்த மாமரத்தை விட்டு, முப்பது ஆண்டுகள் பழகிய அண்டையாரை விட்டு, மூட்டை கட்ட வேண்டும். சொந்த ஊருக்குத் திரும்பியவர்கள் அங்கே தாம் அயலாராகிவிட்டதைக் கண்டனர். பலர் திரும்பவில்லை. இந்திரா நகரிலும் வடக்குத்திலும் வடலூரிலும் மனை வாங்கி, பழைய வட்டத்து நண்பர்களோடு அக்கம் பக்கமாகவே வீடு கட்டிக்கொண்டனர். அண்டையாரைத் தாமே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வாழ்வில் முதன்முறையாகக் கிட்டியபோது, ஒதுக்கீட்டால் வாய்த்த அண்டையாரையே மீண்டும் தேர்ந்தனர்.

முதல் அண்டையார்

இனி, ஊரை விட்டுக் கொடுத்தவர்கள் கதை. சுரங்கத்திற்கும் நகரியத்திற்கும் நிலம் வானத்திலிருந்து வரவில்லை. நெய்வேலி என்ற பழைய சிற்றூரும் அதைச் சூழ்ந்த பல சிற்றூர்களும் தம் வயலையும் வீட்டையும் சுடுகாட்டையும் குலதெய்வத்தையும் விட்டு எழுந்தன. 1894ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் நிலத்துக்கும் மரத்துக்கும் வீட்டுக்கும் விலை குறித்தது. பக்கத்து வீட்டுக்காரனுக்கு விலை குறிக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை. ஒரே தெருவில் இருந்த உறவினர் ஒருவர் மந்தாரக்குப்பத்திலும் ஒருவர் விருத்தாசலத்திலும் மற்றொருவர் சென்னையிலுமாகச் சிதறினர். கன்னியாகுமரியிலிருந்து வந்தவர் ஆர்ச் கேட்டுக்கு உள்ளே அண்டை வீட்டாரைப் பெற்ற அதே ஆண்டில், அந்த மண்ணிலேயே பிறந்தவர் ஆர்ச் கேட்டுக்கு வெளியே அயலாராக நின்றார்.

இக்குறை பழங்கதையாக முடியவில்லை. சுரங்கம் விரிய விரியப் புதிய ஊர்கள் அதன் விளிம்புக்கு வந்தன. சுற்றுக் கிராமங்களில் கிணற்று நீர் தாழ்ந்ததென்ற முறையீடு நெடுங்காலமாக உண்டு. 1894ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி 2013இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் இழப்பீட்டோடு மறுவாழ்வையும் உரிமையாக்கியது. எனினும் அதுவும் கணக்கிடும் அலகு குடும்பமே, ஊர் அன்று. 2023 ஜூலையில் சுரங்கக் கால்வாய்க்காக வளையமாதேவியில் பசுமையாக நின்ற நெற்பயிரின் மீது இயந்திரங்கள் இறங்கியபோது தமிழகம் முழுவதும் எழுந்த வருத்தம், இந்தப் பழைய காயம் ஆறவில்லை என்பதைக் காட்டியது.

நெய்வேலிக்கு இயந்திரம் தந்த ஜெர்மனியிலும் பழுப்பு நிலக்கரிக்காக ஊர்கள் பெயர்ந்தன. ரைன் நதிப் பகுதியில் இம்மெராத் என்னும் சிற்றூரின் பழைய தேவாலயம் 2018 ஜனவரியில் இடிக்கப்பட்டது. துயரம் அங்கும் ஒன்றே. ஆனால் அங்கே ஒரு நெறி பின்பற்றப்பட்டது. பெயர்பவர்கள் விரும்பினால் ஊராகவே சேர்ந்து பெயரலாம். புதிய இடத்துக்கும் பழைய பெயரே வழங்கும். வீட்டோடு அண்டையையும் பெயர்க்க வேண்டும் என்ற அறிவு அதில் இருக்கிறது. அங்கும் எல்லாரும் சேர்ந்து செல்லவில்லை. எல்லாரும் நிறைவடையவும் இல்லை. எனினும் பக்கத்து வீடு என்பது ஒரு சொத்து என்பதை ஒப்புக்கொண்டதே ஒரு படி முன்னேற்றம் எனலாம். இந்நெறி நெய்வேலிக்கு இயந்திரத்தோடு கப்பலேறி வந்திருந்தால் எத்துணை நன்றாக இருந்திருக்கும்!

பங்குனி உத்திரத்தன்று

நகரியத்திற்குள் வில்லுடையான்பட்டு என்றோர் இடம் உண்டு. பழைய சிற்றூரின் பெயர். அங்கே முருகன் கோயில். வட்டங்களுக்கு முன்பிருந்தது அது. பங்குனி உத்திரத்தன்று சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து காவடிகள் வருகின்றன; நகரியத்துக் குடும்பங்களும் பால்குடத்தோடு வருகின்றன. நிலம் கொடுத்தவர் வழியினரும் நிலத்தில் குடியேறியவர் வழியினரும் அன்று ஒரே வரிசையில் நிற்கின்றனர். வெயிலில் நிற்பவர்க்கு நீர்மோர் கொடுப்பவர் 'எந்த வட்டம்?' என்று கேட்பதில்லை.

ஓராண்டில் ஒரு நாள் நிகழ்வதை ஆண்டு முழுவதற்கும் விரித்தல் நெய்வேலியின் அடுத்த கடமை. முன்பின் அறியாத ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஒரே தலைமுறையில் அண்டையாராக்கிக் காட்டிய ஊர் இது. ரஷ்யனையும் ஜெர்மானியனையும் விருந்தோம்பிய ஊர் இது. அவ்வாற்றலில் ஒரு பகுதி, ஆர்ச் கேட்டுக்கு வெளியே நிற்கும் முதல் அண்டையாரை நோக்கித் திரும்ப வேண்டும். நெய்வேலி என்ற பெயரில் 'வேலி' என்னும் சொல் இருக்கிறது. தமிழில் அதற்கும் இரு பொருள் உண்டு: ஒன்று தடுப்பு, மற்றொன்று விளைநிலத்தின் அளவு. அயல் என்ற சொல்லைப் போலவே இதிலும் எப்பொருளைக் கொள்வது என்பது அவ்வூரில் வாழ்பவர் கையில் இருக்கிறது.